எஸ்தர் எடுத்த வசனம்

நீ இதைப் படிப்பாயா என்று எனக்குத் தெரியாது. போனில் அனுப்புவதை நீ திறப்பதே இல்லை. நேரில் வந்தால் உன் சந்தாபுரா வீட்டு கிரில் கேட்டுக்கு உள்ளே நின்றபடியே, "ஜெபத்துக்கு நேரமாச்சும்மா" என்கிறாய். அதனால்தான் நம் சபைப் பத்திரிகையில் போடச் சொல்லிக் கேட்டேன். போதகர் ஐயா யோசித்தார். "இது உங்க குடும்ப விஷயம் இல்லையாம்மா?" என்றார். "பாதி குடும்ப விஷயம், ஐயா. மீதிப் பாதி சபைக்கும் தெரியணும்" என்றேன். உன் கூட்டத்தில் யாராவது ஒருவர் வீட்டுக்காவது இந்தப் பத்திரிகை போகும். "உங்க அம்மா உங்களைச் சந்தி சிரிக்க வெச்சிட்டாங்க பிரதர்" என்று உன்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். காட்டட்டும். கோபத்திலாவது கடைசி வரி வரைக்கும் படிப்பாய்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நாம் ஆம்பூர்ப் பக்கத்து லுத்தரன் குடும்பம். உன் அப்பாவுக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் இந்த ஊருக்கு வந்தோம். நான் ஓய்வு பெறும் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நீ எங்களுக்கு ஒரே பிள்ளை. எலெக்ட்ரானிக் சிட்டியில் நல்ல வேலை, சொந்த ஃபிளாட், ஜெனிட்டா மாதிரி ஒரு மனைவி. இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் உன் அப்பா கண்ணை மூடினார். பேத்தியை மட்டும் பார்க்கவில்லை. எஸ்தர் பிறந்த வருஷம் தீபாவளி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் சரவெடி வெடித்தபோது மற்றக் குழந்தைகள் எல்லாம் வீறிட்டு அழுதன. இவள் அசையாமல் தூங்கினாள். "என்ன தைரியம் பாரும்மா, புலிக்குட்டி!" என்றாய். "சும்மா இருடா, கண்ணு படப்போகுது" என்றேன் நான். நாம் இரண்டு பேரும் அன்றைக்கு எவ்வளவு பெருமைப்பட்டோம்!

ஜெனிட்டாதான் முதலில் கண்டுபிடித்தாள். அண்டா கீழே விழுந்து உருண்டும் குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு டெஸ்ட் மேல் டெஸ்ட். காது மெஷின் மாட்டிப் பார்த்தும் பிரயோஜனமில்லை. உள்ளே கருவி வைத்து ஆபரேஷன் செய்தால் கேட்கும், ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும், தள்ளிப்போடப் போட மூளைக்குச் சத்தமும் பேச்சும் பழகுவது கஷ்டமாகிவிடும் என்றார் டாக்டரம்மா. கன்னடக்காரர். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "லேட் மாட்பேடி அம்மா, லேட் மாட்பேடி" என்றார். தாமதம் செய்யாதே என்பதை எந்தப் பாஷையில் சொன்னால் என்ன, பெற்ற வயிற்றுக்கு விளங்காதா? ஆனால் நீ மட்டும், "யோசிக்கலாம்மா, தலையைத் துளைக்கிற விஷயம்" என்றாய். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். பயப்படாத அப்பன் என்ன அப்பன்!

அந்தப் பயத்தோடுதான் நீ அந்தக் கூட்டத்துக்குப் போனாய். உன் பிள்ளைக்காக ஜெபிக்கிறேன் என்று யார் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பாய். போன இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு உலக முடிவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒருநாள் வந்து உட்கார்ந்தேன் அல்லவா? கூட்டத்தை நடத்துகிற உங்கள் பிரதர், உன்னைப் போலவே கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், சுவரில் படம் காட்டினார். தானியேல் கண்ட மிருகத்துக்கு இத்தனை கொம்பு, இந்தக் கொம்பு இந்த தேசம், இந்த நாளுக்கு இத்தனை வருஷம். ஓர் இடத்தில் நாளை வருஷமாக்கினார், அடுத்த இடத்தில் நாளை நாளாகவே விட்டார். வாய் சும்மா இருக்குமா எனக்கு? கையைத் தூக்கிக் கேட்டேன். "ஆவியில அறிய வேண்டியதை சாக்பீஸ்ல அறிய முடியாது ஆன்ட்டி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் முப்பது வருஷம் பார்த்த வித்தைதான் அது. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்து வைத்துக்கொண்டு, அந்த விடை வருகிற மாதிரி நடுவிலே படிகளை எழுதிக் கொண்டுவரும் பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேர் உண்டு. அவர்கள் நோட்டு பார்க்க எப்போதும் சுத்தமாக இருக்கும்.

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அந்த ஜெர்மன் போதகர் ஞாபகமாகவே இருந்தது. உனக்கு அவரைத் தெரியும். சீர்திருத்தத் திருநாள் பிரசங்கத்தில் நம் பழைய போதகர் சொன்ன கதை. பெயர் என் வாயில் நுழையாது. நம் சபைக்குப் பெயர் தந்த பெரிய சீர்திருத்தக்காரருக்கு நெருங்கின நண்பர். அல்ஜீப்ராவில் பெரிய ஆள். இன்றைக்கு எண்ணின் தலைமேல் சின்னதாக அடுக்கு எழுதுகிறோமே, அதைப் பற்றி ஆரம்பத்தில் எழுதினவர்களில் ஒருவர். லுத்தரன்காரர், அதிலும் கணக்குக்காரர் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, சொந்தக்காரர் கிடைத்த மாதிரி. அந்த மனுஷன் வேதத்தில் உள்ள எழுத்துகளை எண்ணாக்கிக் கூட்டி, இன்ன நாள் இன்ன மணிக்கு ஆண்டவர் வருகிறார் என்று தன் கிராமத்துக்குச் சொல்லிவிட்டார். அந்த நாளும் நாழிகையும் தேவதூதருக்கே தெரியாது என்று எழுதியிருக்கிறதே என்று தடுத்த நண்பரையே கடுமையாகத் திட்டினாராம். குடியானவர்கள் உழவை விட்டார்கள், இருந்ததைத் தின்று தீர்த்தார்கள். குறித்த காலையில் கோயிலில் கூடி நின்றார்கள். மணி அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஜனங்கள் அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

நீ அப்போது நாலாவதோ ஐந்தாவதோ படித்தாய். வீட்டுக்கு வரும் வழியில் நான் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "அடுத்த நாள் காலையில அந்த ஊர்ப் பசங்க ஸ்கூலுக்குப் போனாங்களாம்மா?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. "போயிருப்பாங்கடா, வேற எங்க போவாங்க" என்றேன். அவரை அந்த நண்பர் மன்னித்து, பரிந்து பேசி, வேறொரு கிராமத்துக்குப் போதகராக அனுப்பிவைத்ததையும், அங்கே அவர் அல்ஜீப்ரா பக்கம் திரும்பியதையும் சொன்னேன். அதற்குப் பிறகு வயதான காலத்தில் அவர் மறுபடியும் எழுத்தை எண்ணாக்கும் அந்தப் பைத்தியத்துக்கே போனார் என்பதைச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கதை நல்லபடியாக முடியட்டுமே என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். ஒருதரம் பொய்த்தால் புத்தி வந்துவிடும் என்று நம்புகிறவள் இல்லை நான்.

இனி சபைக்குத் தெரிய வேண்டிய பாதிக்கு வருகிறேன். புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் நம் கோயிலில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகளைச் சுருட்டித் தட்டில் குவித்து வைப்போம். கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுத்தால், அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொன்னது அதுதான். அட்டை வெட்டுவதும் சுருட்டுவதும் பெண்கள் சங்கத்து வேலை. சங்கத்துச் செயலாளர் நான். சிறுவர் வரிசைக்குத் தட்டு பிடிக்கிறவளும் நான். இந்த வருஷம் சுருட்ட உட்கார்ந்தபோது அந்த ஏசாயா வசனம் என் கையில் வந்தது. செவிடருடைய காதுகள் திறக்கும் என்று தீர்க்கதரிசி சொன்னது. எடுத்துச் சுருட்டி என் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் எஸ்தர் தன் பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தாள். தட்டுக்கு அடியில் பிடித்திருந்த அட்டையை அவள் விரலுக்குள் திணித்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். போதகர் ஐயா அதை வாங்கி மைக்கில் வாசித்தார். நம் சபையில் யாரும் வாயைத் திறந்து "அல்லேலூயா" சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னார்கள். ஜெனிட்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாய்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். என் பிள்ளைக்கு டாக்டர் சொல் ஏறவில்லை, என் சொல் ஏறவில்லை, வசனம் என்றால் ஏறும். காது திறக்கும் என்று ஆண்டவரே சொல்லிவிட்டார், இனி பயமில்லாமல் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவான் என்று எண்ணினேன். டாக்டர் கையால் திறந்தாலும் திறந்தது திறந்ததுதானே? அந்த வசனத்தை நான் அப்படிப் படித்தேன். நீ எப்படிப் படிப்பாய் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். அன்று மத்தியானம் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தேன். நீ முகமெல்லாம் வெளிச்சமாக உட்கார்ந்திருந்தாய். "ஆபரேஷன் வேணாம்மா. இந்த வருஷமே ஆண்டவர் வர்றாரு. அவ காது முதல் முதல்ல கேக்கப்போறது கடைசி எக்காளச் சத்தம்தான். நம்ம ஏன் அவ தலையை அறுக்கணும்?" என்றாய். ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் உன் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் சபையில் என் மானம் போகும் என்பது ஒரு பக்கம். உன் முகத்தில் இருந்த அந்த வெளிச்சத்தை அணைக்க மனம் வரவில்லை என்பது இன்னொரு பக்கம். எஸ்தருக்குக் காது கேட்காது என்று தெரிந்த பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லையடா. பிறகு நீ வேலையை விட்டாய். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த நாளை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாய். நானும் பெந்தெகொஸ்தே பண்டிகை வரட்டும், அதுதான் உங்கள் பிரதர் குறித்த நாள், அது பொய்த்தால் தானாகத் தெளிந்துவிடுவான் என்று காத்திருந்தேன். கணக்கு டீச்சர், காத்திருக்கிறேன்! அந்த மாதங்கள் எல்லாம் யாருடைய மாதங்கள்? என்னுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை.

அந்த நாள் வந்தது. நான் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து சந்தாபுரா வந்து ஜெனிட்டாவோடு இருந்தேன். நீங்கள் எல்லோரும் வெள்ளை உடுத்து ஆனேக்கல் பக்கம் யாரோ ஒருவர் தோட்டத்தில் போய் நின்றீர்கள். சாயங்காலம் நீ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய். தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன், குழந்தை போலச் சாப்பிட்டாய். இதுதான் சமயம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜாக்கெட்டில் வைத்தது, தட்டுக்கு அடியில் பிடித்தது, விரலில் திணித்தது எல்லாம். நீ என்னை அடிக்க வருவாய் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். நீ தட்டை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாய். "அம்மா, அத்தனை வசனத்துல அந்த வசனம் ஏன் உன் கையில வந்துச்சு? உன் கையை யாரும்மா நடத்தினது?" என்றாய். கண்ணெல்லாம் தண்ணீர், ஆனால் சிரிப்பு. அந்த வாரமே உங்கள் பிரதர் சூரிய வருஷத்தைச் சந்திர வருஷமாக்கி, யூதருடைய எக்காளப் பண்டிகை என்று புது நாள் குறித்தார். என் ஏமாற்று வேலையும் உங்கள் சாட்சியில் ஒரு படியாக ஏறிவிட்டது.

பொய் என்று ஒப்புக்கொண்டாலும் மெய்யாகிவிடும் என்றால், மனுஷி எந்தச் சுவரில் முட்டிக்கொள்வாள்? ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை. நான் ஆண்டவருடைய வாயில் வார்த்தையைத் திணித்தவள், அவரிடம் எந்த முகத்தோடு பேசுவது? விடையை முதலில் எழுதிக்கொண்டு கணக்குப் போடுகிற பிள்ளைகளைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தவள், நானும் விடையை எழுதி வைத்துக்கொண்டுதானே தட்டை நீட்டினேன். பெண்கள் சங்கத்துப் பொறுப்பை விட்டுவிட்டேன். அடுத்த புத்தாண்டில் தட்டு வேறு யார் கையிலாவது இருக்கும். அந்த அட்டையைத் தங்களுக்கும் ஓர் ஆறுதல் என்று எண்ணி அன்றைக்கு என்னோடு அழுத எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்காவிட்டாலும் குறை சொல்லமாட்டேன்.

அம்மா என்றால் கடிதத்தில் புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் மிச்சமிருக்கிற புத்தி கொஞ்சம்தான். வேத வசனத்தை அவரவர் தேவைக்கு வளைத்தால் அது வளையத்தான் செய்கிறது, மகனே. என் கைக்கும் வளைந்தது, உங்கள் பிரதர் கைக்கும் வளைகிறது. அந்த ஜெர்மன் போதகர் தான் குறித்த மணியில் எல்லோர் முன்னாலும் வெறும் ஆளாக நின்றார். ஊர் அவரைக் கட்டியது, அவர் அவமானப்பட்டார். உங்கள் பிரதர் ஒரு வாரம்கூட அவமானப்படவில்லை. அவமானப்பட மாட்டேன் என்கிறவன் பின்னால் போகாதே, அவ்வளவுதான். இதைக் கேட்டு நீ மனம் மாறுவாய் என்று நான் நினைக்கவில்லை. பெற்ற மனம் பித்து, எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜெனிட்டா குழந்தையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டது உனக்குத் தெரியும். எதற்கு வந்தாள் என்று நீ கேட்கவே இல்லை. பின்வாங்கிப் போனவர்களோடு பேசக் கூடாது என்று உங்கள் கூட்டத்தில் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். போன வாரம் மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். எஸ்தருக்கு ஐந்து வயது முடியப் போகிறது. முன்பே செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், இனி எவ்வளவு பேச்சு வரும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் செய்யலாம் என்றார். காகிதத்தை ஜெனிட்டா முன்னால் வைத்தார்கள். அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள், திரும்ப மூடினாள். "அவரு கோச்சுக்குவாரு அத்தை" என்றாள். பிறகு அவளே, "கோச்சுக்கட்டும். உலகம் முடிஞ்சுச்சுன்னா அங்க போய் ஆண்டவர்கிட்டயும் அவர்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். நான் சொல்ல வேண்டிய புத்தியை அவள் எனக்குச் சொன்னாள். வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். உன் சம்மதம் கேட்டு நான் இதை எழுதவில்லை.

காயம் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் கருவியை முடுக்குவார்களாம். அதுவரைக்கும் எஸ்தருக்கு எதுவும் கேட்காது. முடுக்குகிற அன்றைக்கு அவளுக்குப் பழகின முகம் ஒன்று எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும், முதலில் சத்தம் அவளைப் பயமுறுத்தும், அழுதாலும் அழுவாள் என்று அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். "யார் உட்காருவீங்க, அஜ்ஜியா, அம்மாவா?" என்று கேட்டாள். அஜ்ஜி என்றால் பாட்டி, நான்தான். நான் ஜெனிட்டாவைப் பார்த்தேன். ஜெனிட்டா யோசிக்கவே இல்லை. "அவங்க அப்பா" என்றாள். நீ பாடும்போது குழந்தை உன் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாளே, அதை அந்தப் பெண்ணுக்குச் செய்து காட்டினாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எஸ்தர் சாயங்காலமானால் என் தொண்டையைத் தொட்டுப் பார்க்கிறாள். நானும் எனக்குத் தெரிந்த பாட்டை எல்லாம் பாடுகிறேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கையை எடுத்துவிட்டு வாசலைப் பார்க்கிறாள். அவளுக்கு வேண்டியது இந்தத் தொண்டை இல்லை.

நீ வருவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இதை எழுதி முடிக்கும் இந்த நிமிஷத்திலும் இல்லை. ஆனாலும் நாளைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எக்காளப் பண்டிகை கழிந்து அடுத்த வியாழக்கிழமை, காலை பத்து மணி, அதே ஆஸ்பத்திரி. அதற்குள் உலகம் முடிந்துவிட்டால் நீ வர வேண்டாம். முடியாமல் இருந்தால் வந்து, உன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடு.